கடலடிக் கரிக்கு யார் காவல்?

பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை, பழங்கடலின் உயிர்கள் கரியைப் பூட்டிவைத்த பெட்டகம். அந்த வேலையைக் குழாய் வழியே செய்ய மலேசியா முனைகிறது. சரவாக் கடலின் கசவாரி திட்டத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் கரியமில வாயுவை, எரிவாயு தீர்ந்த வயலில் புதைக்க பெட்ரோனாஸ் திட்டமிட்டுள்ளது. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்குமென 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கரிச் சேமிப்புச் சட்டமோ, வெளிநாட்டுக் கரியையும் இறக்குமதி செய்ய வழிவிடுகிறது.

கடலடியில் கரியைப் புதைப்பது நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் நடப்பதுதான், இயலாததல்ல. ஆனால் பழைய கிணறுகளின் அடைப்பு தளர்ந்து வாயு கசிந்தால், சுற்றியுள்ள நீரில் அமிலம் ஏறும்; சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் திணறும். புதைக்கும் முன்பே கடலடி நீரையும் உயிர்களையும் அளந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை மீனவர்களின் கைக்கு வரவேண்டும். அதுவரை, அயலார் புகையை வாங்கிப் புதைக்க அரசு உரிமம் தரக்கூடாது.