குமாஸ்தா தலையில் போடாதீர்கள்

போன வாரம் பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். "தாத்தா, உங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்க செஞ்ச வேலையைப் பாருங்க" என்று சிரிப்பு வேறு. பிரான்சு நாட்டுக்குள்ளே தீவு மாதிரி ஒரு ஸ்பெயின் ஊர் இருக்கிறதாம். 1659-ல் ஒப்பந்தம் எழுதிய பிரெஞ்சு குமாஸ்தா 'கிராமங்கள்' என்று எழுதிவிட்டானாம். அந்த ஊரோ கிராமம் இல்லை, நகரம். அதனால் கை நழுவிப் போய்விட்டதாம். பின்னணியில் கோமாளிச் சங்கீதம்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க மேசையில் உட்கார்ந்து எழுதினவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கதையை ஒருமுறை உடைத்துப் போட்டால்தான் இன்று தூக்கம் வரும்.

ஊரின் பெயர் லிவியா. பிரனே மலைகளில் செர்தான்யா என்ற அகலமான பள்ளத்தாக்கில், 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நம் மாஹேவைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கு பக்கமும் பிரான்சு. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் துலூஸில் இருக்கும் தங்கை மகன் வீட்டுக்குப் போனபோது, "மாமா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிக் காரில் அழைத்துப் போனான்.

முதலில் ஒப்பந்த விஷயம். 1659 நவம்பர் 7-ல் பிரனே ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்சுக்காக மசாரென், ஸ்பெயினுக்காக லூயிஸ் தே ஆரோ. இடம், பிதாசோவா ஆற்றின் நடுவே இருக்கும் ஃபெசான் தீவு. ரூசியோன் பிரான்சுக்குப் போனது. செர்தான்யாவை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது மட்டும் முடியவில்லை. மறு வருடமும் பேச்சு நடந்தது. ரூசியோனிலிருந்து கரோல் பள்ளத்தாக்குக்குத் தன் மண்ணிலேயே போக பிரான்சுக்கு வழி வேண்டும். அதற்காக 33 கிராமங்கள் என்று முடிவானது. எந்த 33 என்று பெயர் பெயராக எழுதிக் கையெழுத்துப் போட்டது 1660 நவம்பர் 12-ல்.

அந்தக் கையெழுத்து எங்கே விழுந்தது தெரியுமா? லிவியாவிலேயே! பிரெஞ்சு அதிகாரி லிவியாவில் உட்கார்ந்து, லிவியாவில் சாப்பிட்டு, லிவியாவை மறந்துவிட்டுப் போனார் என்று சொல்கிறார்கள். கேட்கிற நமக்குக் கொஞ்சம் யோசனை வேண்டாமா?

அந்த ஆவணத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. லிவியா ஸ்பெயின் அரசரிடம் இருக்கலாம், ஆனால் அங்கே கோட்டை கொத்தளம் கட்டக் கூடாது. மறந்து போன ஊருக்கு யாராவது நிபந்தனை எழுதுவார்களா? பேரம் பேசியிருக்கிறார்கள். "இது கிராமம் அல்ல, 'வில்லா' என்ற தகுதி உள்ள நகரம், எங்கள் அரசர் கொடுத்த தகுதி" என்று ஸ்பெயின் தரப்பு சொல்லியது. அந்த வாதத்தைப் பிரெஞ்சுத் தரப்பு ஏற்றுக்கொண்டு, பதிலுக்குக் கோட்டை கூடாது என்று எழுதி வாங்கியது. இதற்குப் பெயர் கவனக்குறைவா? எழுதிய வார்த்தைக்கு இரண்டு பக்கமும் கட்டுப்பட்டதற்கு இன்றைக்குக் கிடைக்கும் மரியாதை கோமாளிச் சங்கீதம்!

அந்தத் தகுதியும் சும்மா வந்ததல்ல. ரோமானியர் காலத்தில் யூலியா லிபிகா என்ற பெயரில் இந்தப் பள்ளத்தாக்குக்கே அதுதான் தலைமை ஊர். மேலே குன்றின் மீது கோட்டை இருந்தது. 1479-ல் பதினோராம் லூயியின் படைகள் அதை இடித்துத் தள்ளின. நான் மூச்சு வாங்க ஏறிப் பார்த்தேன், அஸ்திவாரம்தான் மிச்சம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. எது பிரான்சு, எது ஸ்பெயின் என்று மருமகன் கையை நீட்டிக் காட்டினான். எனக்கு எல்லாம் ஒரே புல்லாகத்தான் தெரிந்தது. கீழே செக்ரே ஆறு. யாரைக் கேட்டு ஓடுகிறதோ.

சுற்றுலாப் பயணிகள் மருந்துக் கடையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய மருந்துக் கடைகளில் ஒன்று என்கிறார்கள். எஸ்தேவே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தியது, இப்போது ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல நிறப் பீங்கான் ஜாடிகள், புனிதர்கள் உருவம் தீட்டிய மரப்பெட்டிகள், விலை உயர்ந்த மருந்துகளை வைக்க ஜோடனை செய்த ஓர் அலமாரி. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சின்னச் சின்ன இழுப்பறைகளில் ஓமம், சித்தரத்தை, அதிமதுரம் இருக்குமே, அந்த ஞாபகம் வந்தது. அதிமதுரம் அங்கேயும் இருந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். எதிரே கோட்டை மாதிரி ஒரு மாதா கோயில், பக்கத்தில் பெர்னா தே சோ பெயரில் ஒரு வட்டக் கோபுரம். கோடையில் அந்தக் கோயிலில் சங்கீத விழா நடக்கும். நாங்கள் போனபோது விழா முடிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது சாலைக் கதைதான். ஸ்பெயின் பக்கத்துப் புய்செர்தாவிலிருந்து லிவியாவுக்கு வர பிரான்சு மண் வழியாகச் சில கிலோமீட்டர் சாலை. அதில் லிவியாக்காரர்கள் தடையில்லாமல் போகலாம் என்று 19-ஆம் நூற்றாண்டு எல்லை உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. 1970-களில் பிரெஞ்சுச் சாலைத் துறை அந்தச் சாலையின் சந்திப்புகளில் 'ஸ்டாப்' பலகை நட்டது. தடையில்லாத சாலையில் 'நில்' என்றால் என்ன அர்த்தம் என்று ஊர்க்காரர்கள் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி நட்டார்கள், மறுபடி பிடுங்கினார்கள். கடைசியில் மேம்பாலம் கட்டித்தான் தீர்த்தார்கள். ஒரு வார்த்தைக்காக மேம்பாலம்! இதைக் கேட்டபோது எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது எனக்கு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இப்படித் துண்டு துண்டாக இருப்பது அபத்தம், ஒரு கோடு போட்டு நேராக்கிவிட வேண்டியதுதானே" என்பார்கள். இதை யாரிடம் சொல்கிறார்கள்? பாகூருக்குப் போவதற்குள் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வரும் நம்மிடம்! காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். இவர்களுக்கு வரைபடம் அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1979 ஜனவரியில் அக்கம்பக்க மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு வந்தபோது ஊரே தெருவுக்கு வந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் இரண்டாவது ஷரத்தைப் படியுங்கள். இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதென்றால் மக்கள் விருப்பத்தை அறிந்துதான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதையும் ஏதோ ஒரு குமாஸ்தாதான் தட்டச்சு செய்திருப்பான்.

குமாஸ்தா தப்பே செய்ய மாட்டான் என்று நான் வாதாட வரவில்லை. நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா-சிவில் பதிவுகளை மொழிபெயர்த்து நகல் எடுப்பது என் வேலை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். கணவரை இழந்த ஓர் அம்மா, மகனுக்கு வேலை கேட்பதற்காகக் கணவரின் பிறப்புப் பதிவு நகல் வாங்க வந்தார். மூலத்தில் 'அல்தே' இன்னது, 'கொம்யூன்' இன்னது என்று இரண்டும் தெளிவாக இருந்தது. நான் அவசரத்தில் சிற்றூர்ப் பெயரை மட்டும் எழுதி, கொம்யூனை விட்டுவிட்டேன். அதே பெயரில் அந்தப் பக்கம் தென்னாற்காடு மாவட்டத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. 'பிறந்த இடம் நம் பிரதேசத்துக்கு வெளியே' என்று கோப்பு திரும்பிவிட்டது.

பதினொரு மாதம் அந்த அம்மா அலைந்தார். யாரும் மூலப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் தற்செயலாக என் மேசைக்கே வந்து, "தம்பி, அவரு இந்த மண்ணுல பொறந்தவருப்பா, எழுதினவங்க யாரோ ஊரை மாத்திட்டாங்க" என்றார். என் கையெழுத்தை நானே பார்த்தேன். அன்று மாலையே திருத்தி, மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதினது நான்தான் என்று சொல்லவில்லை. அந்த அம்மா மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

குமாஸ்தாவின் தப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அது இப்படித்தான் நடக்கும், ஏழை வீட்டில் விழும், யாரும் அதற்குக் காணொளி எடுக்க மாட்டார்கள். லிவியாவில் நடந்தது அதுவல்ல.

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். பாதியில் கைப்பேசி ஒலித்தது, எழுந்து போனான். போகும்போது, "அந்த ஸ்டாப் பலகையைப் பிடுங்கினாங்கன்னு சொன்னீங்களே, போலீஸ் பிடிக்கலையா தாத்தா?" என்று கேட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்ததும் அங்கிருந்து தொடர வேண்டும்.