பி.டி. மாஸ்டரும் உலகக் கோப்பையும்

நெம்மேலி என்றதும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள். ராத்திரியில் பிள்ளைகள் அணிக்கு ஐந்து பேராகப் பந்து உதைக்கிறார்கள். “ஃபுட்சால் ஆடுறேன்பா” என்கிறார்கள்.

உண்மையான ஃபுட்சால் இதற்கு அண்ணன் முறை. புல்தரை கிடையாது, உள்ளரங்கத்தின் கெட்டித் தரை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்து சிறியது, அதிகம் எகிறாது. பாதிக்கு 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த ஒரு விதியால்தான் கோச்சுக்கு மூச்சுவிட நேரம் இருப்பதில்லை. யாரை உட்கார வைப்பது, யாரை இறக்குவது என்று ஆட்டம் முழுக்க முடிவு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கோச்சுகள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரிய ஆட்டக்காரராக இருந்து வருவது ஒரு வழி. அர்ஜென்டினாவுக்காக ஆடிய டியேகோ ஜியுஸ்டோஸி, பயிற்சியாளராகி 2016-ல் அதே நாட்டுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தார். ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுப்பது இன்னொரு வழி. ஸ்பெயின்காரர் மிகேல் ரோட்ரிகோ ஜப்பானை 2012, 2014 என இரண்டு முறை ஆசிய சாம்பியன் ஆக்கினார்.

மூன்றாவது வழிதான் நம் வீடுகளுக்கு நெருக்கமானது. போர்ச்சுகலின் ஜோர்ஜ் பிராஸ் உடற்கல்வி படித்து வந்தவர். 2010-ல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். முதல் ஐரோப்பியக் கோப்பை கைக்கு வந்தது 2018-ல். எட்டு வருடக் காத்திருப்பு! அதன்பின் 2021-ல் உலகக் கோப்பை, 2022-ல் மீண்டும் ஐரோப்பியக் கோப்பை.

இந்த விளையாட்டை உருவாக்கியவரே ஒரு ஆசிரியர்தான். 1930-ல் உருகுவேயின் மொண்டேவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் பிள்ளைகளுக்காக இதை வடிவமைத்தவர் ஹுவான் கார்லோஸ் செரியானி. நம் நந்தனத்திலும், 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது.

2016-ல் சென்னை நேரு உள்ளரங்கத்தில் பிரீமியர் ஃபுட்சால் நடந்தது. பிரேசிலின் ஃபால்காவோ வந்து ஆடினார். ஜனங்கள் கைதட்டினார்கள். நட்சத்திரங்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். ஆனால் நட்சத்திரம் போன பிறகும் ஊரில் இருந்து கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே?

இந்தியாவின் தேசிய அணி சர்வதேசக் களத்துக்கு வந்ததே 2023-ல்தான். 2025-ல் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு அணியைத் தயார்செய்தவர் ஈரானியரான ரேசா கோர்டி. ஆசியாவில் அதிக முறை கோப்பை வென்ற நாடு ஈரான்; அங்கிருந்து ஆள் வருவது நல்லதுதான். ஆனால் அடுத்த கோச் நம் ஊரிலிருந்து வர வேண்டுமென்றால், ஏணியின் கீழ்ப்படிகளில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

படிகள் தூரத்தில் இல்லை. நெம்மேலி இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் அங்கே ஒரு பட்டம். கூடவே கால்பந்துப் பயிற்சியாளருக்கான ‘டி’ லைசென்ஸ், பிறகு ஃபுட்சாலுக்கென்று ஆசியக் கூட்டமைப்பு நடத்தும் லெவல் 1 பயிற்சி. ஃபுட்சாலை மட்டும் நம்பி இன்றைக்குக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பள்ளி வேலை கையில் இருந்தால், மாலை நேரத்தை நிம்மதியாக மைதானத்துக்குக் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே படிகள்தான்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பரீட்சை வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: “இந்த மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, சார்?”