திருடிய புத்தகம் கணக்குப் போடாது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைத்தது கணிதமல்ல, களவு என்று சாதிக்கிறார் ஒரு கட்டுரையாளர். கப்பலைப் பிடித்தார்கள், புத்தகத்தை எடுத்தார்கள், படித்தார்கள், அவ்வளவுதான் என்கிறார். நிகழ்தகவு, புள்ளியியல் என்பதெல்லாம் போர் முடிந்தபின் பேராசிரியர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மாலையாம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது.

இதில் பாதி உண்மை. 1941 மே மாதம் யு-110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி பிடிபட்டது. மியூன்சென், லாவன்பர்க் என்ற வானிலைக் கப்பல்களிலிருந்து அந்த ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களுக்கான, எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் சாவிப் பட்டியல்கள் சிக்கின. 1942 அக்டோபரில், மூழ்கிக்கொண்டிருந்த யு-559-க்குள் இறங்கிப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்த பிரிட்டிஷ் கடற்படையினர் ஃபாசனும் கிரேசியரும் அந்தக் கப்பலோடு கடலுக்குள் போனார்கள். அந்த உயிர்களின் விலையை எந்தக் கணிதக்காரரும் குறைத்துப் பேசியதில்லை. சரி, ஜூலைப் பட்டியல் ஜூலையோடு செல்லாக்காசு. ஆகஸ்டில் எதைப் படித்தார்கள்? கட்டுரையாளரின் நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதமே இல்லை.

அதற்கான பதில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கின் 8-ஆம் குடிலில் இருந்தது. அங்கே ஆலன் டூரிங் வகுத்த பான்புரிஸ்மஸ் என்ற முறை ஓடிக்கொண்டிருந்தது. கடற்படை எனிக்மாவில் 8 சக்கரங்களிலிருந்து மூன்றை எடுத்து அடுக்க 336 வழிகள் உண்டு. அத்தனையையும் சோதித்துப் பார்க்க அன்று கைவசம் இருந்த, சாவியைத் தேடும் ‘போம்ப்’ இயந்திரங்கள் போதாது. எனவே முதலில் வடிகட்ட வேண்டும். பான்பரி நகரில் அச்சடித்த நீண்ட தாள்களில் ஒவ்வொரு செய்தியையும் துளைகளாகக் குத்துவார்கள். இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, துளையும் துளையும் எங்கே சேர்கின்றன என்று எண்ணுவார்கள். இரண்டு செய்திகளுக்கும் தொடர்பில்லை என்றால் 26-க்கு ஒன்று வீதம் எழுத்துகள் பொருந்தும். சக்கரங்கள் ஒரே நிலையில் இருந்தபோது எழுதப்பட்டவை என்றால் ஜெர்மன் மொழியின் இயல்பால் ஏறக்குறைய 17-க்கு ஒன்று பொருந்தும். ஆகவே ஒரு பொருத்தத்துக்கு சுமார் 1.8 டெசிபான் வரவு; டெசிபான் என்பது சான்றின் எடையை அளக்கும் அலகு. பொருந்தாத ஓரிடத்துக்கு 0.1-க்கும் குறைவான செலவு. கடைசியில் கூட்டிப் பார்த்தால், இந்த இரண்டு தாள்களையும் எவ்வளவு நம்பலாம் என்பது எண்ணாகவே கையில் இருக்கும். நல்ல நாட்களில் 336 வழிகள் 18 வரை சுருங்கின.

“நிகழ்தகவு என்பது கௌரவமான ஊகம்” என்று எள்ளுகிறார். ஊகிப்பவனுக்குத் தான் எவ்வளவு தவறலாம் என்று தெரியாது. 8-ஆம் குடிலில் வேலை செய்த ஜோன் கிளார்க்குக்கும் ஜாக் குட்டுக்கும் அது டெசிபான் கணக்கில் தெரிந்திருந்தது. இந்த முறைக்கு வேண்டிய இரட்டையெழுத்து அட்டவணைகள் பிடிபட்ட பொருட்களின் உதவியால்தான் கைக்கு வந்தன. அதை மறைக்க எனக்குத் தேவையில்லை. அட்டவணை கிடைத்த பிறகும் ஒவ்வொரு நாளும் மனிதர்கள் உட்கார்ந்து எண்ண வேண்டியிருந்தது என்பதை மறைக்கும் தேவை அவருக்குத்தான் இருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருப்பது வேறோர் இடத்தில். கட்டுரை நெடுக எனிக்மா, எனிக்மா என்றே பேசுகிறவர், ஜெர்மன் தலைமைக் கட்டளையகம் பயன்படுத்திய லோரன்ஸ் என்ற சங்கேத இயந்திரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. விடவும் முடியாது. பிளெட்ச்லிக்காரர்கள் அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்ததே போர் முடியும் தறுவாயில்தான். கப்பலும் இல்லை, களவும் இல்லை. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஜெர்மன் இயக்குநர் ஒரே நீண்ட செய்தியை, சிற்சில மாற்றங்களோடு, ஒரே அமைப்பில் இருமுறை அனுப்பிவிட்டார். பிளெட்ச்லியின் ஜான் டில்ட்மன் அந்த இரண்டையும் பிரித்தெடுத்தார். அதிலிருந்து 12 சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தின் அமைப்பையே அவருடைய சகா பில் டட் தாளில் வரைந்து காட்டினார்.

“பார்த்தீர்களா, இதுவும் எதிரியின் தவறுதான்” என்று கட்டுரையாளர் துள்ளக்கூடும். துள்ளட்டும். 1942 அக்டோபரில் ஜெர்மானியர் சக்கரங்களின் தொடக்க நிலையைக் காட்டும் 12 எழுத்துக் குறிப்பை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பிடித்துத் தொங்கப் புள்ளியியல்தான் இருந்தது. முதல் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 41 × 31, அதாவது 1271 தொடக்க நிலைகள். தவறான நிலையில் வைத்து எண்ணினால் குறிப்பிட்ட ஒரு குறி 50 சதவீதம் அளவில் வரும். சரியான நிலையில் சுமார் 55 சதவீதம் வரும் என்று டட் கண்டார். அந்த 5 சதவீத வேறுபாட்டைக் கையால் எண்ணித் தேடிக்கொண்டிருந்தால் போரே முடிந்துவிடும். அதை எண்ணத்தான் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் கொலோசஸ் என்ற இயந்திரத்தைக் கட்டினார்; 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லிக்கு வந்த அந்த இயந்திரம் நொடிக்கு 5000 எழுத்துகளைப் படித்தது. எந்தக் கப்பலில் திருடிய புத்தகம் அந்த 5 சதவீதத்தைச் சொன்னது என்று அவர்தான் விளக்க வேண்டும்.

புள்ளியியலுக்கு இவ்வளவு பங்கு இருந்தால் ஏன் யாரும் அப்போதே எழுதவில்லை என்பது அவருடைய கடைசி அம்பு. எழுத விடவில்லை, ஐயா. டூரிங்கின் புள்ளியியல் பணியைப் பற்றி ஜாக் குட் 1979-இல் பயோமெட்ரிகா இதழில் எழுதினார். நிகழ்தகவைச் சங்கேதத்தில் பயன்படுத்துவது குறித்து டூரிங்கே எழுதிய கட்டுரையையும், எழுத்துகள் திரும்ப வருவதன் கணக்கைப் பற்றிய இன்னொன்றையும் பிரிட்டிஷ் உளவுத்துறை 2012 வரை பூட்டியே வைத்திருந்தது. இன்று இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன. அடுத்த கட்டுரைக்கு முன் அவற்றை அவர் புரட்டிப் பார்ப்பது நல்லது.