பிரியும் நேரத்தில் ஒரு ஆல்பம்... 15 வருடம் கழித்துச் சேர்த்துவைத்த மேஜிக்!

கல்லூரிக் காலம் முடியப்போகிறது. ஆளுக்கொரு திசையில் கிளம்ப வேண்டும். அதற்குள் கையில் இருக்கும் பாட்டுகளைப் பதிவுசெய்துவிடலாம் என்று நினைத்தார்கள் மூன்று நண்பர்கள். அவ்வளவுதான் திட்டம்!

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருக்கும் அர்பானா, ஒரு பல்கலைக்கழக ஊர். 1997-ல் மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் மூவரும் அங்கே ஆரம்பித்த இசைக்குழுதான் 'அமெரிக்கன் ஃபுட்பால்'. இவர்களுடையது 'எமோ' ராக். அதாவது, மனதின் வலியை ஒளிக்காமல் கொட்டித்தீர்க்கும் இசை. மற்ற குழுக்கள் கத்திப் பாடியதை இவர்கள் நிதானமாகப் பாடினார்கள். இரண்டு கிட்டார்கள் பின்னிப் பிணைந்து போகும். டிரம்ஸ் வாசிக்கும் லாமோஸே டிரம்பெட்டும் ஊதுவார்.

1998-ல் மூன்று பாடல்களோடு ஒரு குட்டி ஆல்பம். 1999 செப்டம்பரில், ஒன்பது பாடல்களோடு முழு ஆல்பம் வந்தது. வெளியிட்டது 'பாலிவினைல்' நிறுவனம். அட்டையில், இரவில் மாடி ஜன்னலில் விளக்கெரியும் ஒரு சாதாரண வீடு. கொஞ்ச நாளிலேயே குழு கலைந்துவிட்டது. லாமோஸ் பேராசிரியர் ஆனார். கின்செல்லா 'ஓவன்' என்ற பெயரில் தனியாகப் பாடினார்.

ஆனால், ஆல்பம் கலையவில்லை. இணையத்தில் ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்ல, அது வெளிவந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள்கூட ரசிகர்கள் ஆனார்கள். 2014-ல் பழைய ஒத்திகைப் பதிவுகளையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். நண்பர்கள் மீண்டும் மேடை ஏறினார்கள். கின்செல்லாவின் உறவினர் நேட், பேஸ் கிட்டாருடன் சேர்ந்துகொண்டார்.

2016-ல் இரண்டாவது ஆல்பம். முதல் அட்டையில் வெளியிலிருந்து தெரிந்த அதே வீடு, இம்முறை உள்ளேயிருந்து! 22 வயதில் பிரிவைப் பாடிய கின்செல்லா, இப்போது ஒரு குடும்பஸ்தனின் மனக்குழப்பங்களைப் பாடினார். 2019-ல் மூன்றாவது ஆல்பம். இதில் 'பாராமோர்' குழுவின் ஹேலி வில்லியம்ஸும் ஒரு பாடல் பாடினார்.

இதற்கிடையே அந்த வீடு, ரசிகர்கள் தேடி வந்து படம் எடுத்துக்கொள்ளும் இடமாகியிருந்தது. கைமாறினால் இடித்துவிடுவார்களோ என்ற கவலை. 2023-ல் குழுவினர், பாலிவினைல் நிறுவனம், அட்டைப்படம் எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங் உள்ளிட்டோர் சேர்ந்து அந்த வீட்டையே வாங்கிவிட்டார்கள்!

கல்லூரி நண்பர்களோடு பாடிப் பதிவுசெய்த பாட்டு ஏதாவது உங்கள் பழைய போனில் கிடக்கிறதா? இடம் இல்லையென்று அழித்துவிடாதீர்கள்!