கறுப்பு தினமும் 26.5 விழுக்காடும்

ஆகஸ்ட் 10 வந்தால் தமிழ்நாட்டில் பல கத்தோலிக்கப் பங்குகளில் கறுப்புக் கொடி பார்க்கலாம். சில ஊர்களில் ஊர்வலம். சில ஊர்களில் கலெக்டர் ஆபீஸில் மனு. சில ஊர்களில் பூசை முடிந்து ஃபாதர் பத்து நிமிஷம் பேசுவார், அதோட சரி. 1950ல் அதே தேதியில் குடியரசுத் தலைவர் போட்ட பட்டியல் சாதி ஆணையின் மூன்றாவது பத்திதான் காரணம். இந்துவாக இல்லாத யாரும் பட்டியல் சாதி ஆக முடியாது என்று சொன்ன பத்தி. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் பூட்டுதான்.

இந்தக் கோரிக்கை நியாயமானது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா கீழே எழுதப்போறதைப் பாதி படிச்சிட்டு, "பாத்தியா, அவங்காளே சொல்லிட்டான்"னு தூக்கிக்கிட்டு ஓட ஒரு கோஷ்டி எப்பவும் ரெடியா இருக்கும். காலனியில் பிறந்தவன் ஞானஸ்நானம் வாங்கிட்டதால ஊர்த்தெருவுல யாரும் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போடறதில்லை. அடி விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்குக் கிடையாது. அதனால்தான் பல குடும்பங்களில் ஆளுக்கு இரண்டு பேர் இருக்கு. பங்குப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனசில் நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்கிற அளவுக்குப் போய்விட்டது. தப்பு அந்தப் பெண் மேலயா, அப்படி இரட்டை வாழ்க்கை வாழவைக்கிற ஆணை மேலயா?

சரி, என் கேள்வி அது இல்லை. தமிழ்நாடு ஆயர் பேரவை அரசாங்கத்திடம் எதை எப்படிக் கேட்கிறது, எது மளமளவென்று நடக்கிறது, எது நகராமல் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. நகராததற்கு டெல்லி மட்டும்தான் காரணமா?

ஆயர் பேரவையை யாரும் பல் இல்லாத அமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2002 அக்டோபர் 5ம் தேதி ஜெயலலிதா கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அந்த மாதக் கடைசியில் சட்டசபையில் சட்டமாகவே நிறைவேற்றினார். மூன்று வருஷம் சிறை, ஐம்பதாயிரம் அபராதம். மாறுகிறவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியாகவோ இருந்தால் மாற்றியவருக்கு நாலு வருஷம், ஒரு லட்சம். (தலித்துக்கு சுயபுத்தி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்த மாதிரி.) சிறுபான்மைப் பள்ளி கல்லூரிகளைப் பூட்டிப் போட்டார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தேகொஸ்தே எல்லாரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அந்தக் கூட்டணி வேறு எதற்கும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியும் திமுக அணிக்குப் போனது. அதே மே மாதம் அந்தச் சட்டம் வாபஸ். தேர்தல் தோல்விக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் தோற்றவுடன் அம்மையார் எந்தெந்தக் கணக்கை முதலில் நேர் செய்தார் என்று பார்த்தால், சிறுபான்மையினர் கணக்கு அதில் ஒன்று.

அடுத்து 2007. இது அவ்வளவாக யாரும் பேசாத கதை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். கலைஞர் ஆட்சி, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனி உள் ஒதுக்கீடு கொடுத்தது. கேட்டதுதான், கிடைத்தது. சந்தோஷம், நன்றி அறிவிப்பு எல்லாம் நடந்தது. அப்புறம் சேர்க்கையும் வேலை நியமனமும் வந்தபோதுதான் கணக்கு உதைத்தது. பொதுவான 30க்குள் போட்டி போட்டபோது கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்த இடங்கள் 3.5 விழுக்காட்டைவிட அதிகம். மிஷன் பள்ளிக்கூடங்கள் நூறு வருஷமாகப் போட்ட அடித்தளம் அது. இப்போது 3.5 என்று கூரை போட்டவுடன் தலை முட்டுகிறது. கிறிஸ்தவத் தலைவர்கள் திரும்பவும் கோட்டைக்குப் போய், "ஐயா, இது எங்களுக்கு வேண்டாம், பழையபடி ஆக்கிடுங்க" என்றார்கள். 2008லேயே கிறிஸ்தவர் உள் ஒதுக்கீடு ரத்து. முஸ்லிம்களுக்கு உள்ளது இன்றுவரை தொடர்கிறது. அதனால்தான் இன்று பி.சி. என்பது 26.5 + 3.5.

வாங்கின இடஒதுக்கீட்டை ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்த சமூகம் இந்தியாவில் வேறு எது? நான் இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எத்தனை சீட்டு போனது, எங்கே போனது என்று கணக்குப் பார்த்து, அரசாணையின் நுணுக்கம் புரிந்து, முதலமைச்சர் வரைக்கும் போய், கொடுத்ததையே மாற்றவைக்கிற திறமை திருச்சபைத் தலைமைக்கு இருக்கிறது. தனக்கு வலித்தால், கணக்குத் தெரியும்.

அதே 2008, மார்ச் 9. எறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஜெபமாலை அன்னை கோயில் பங்கில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்? சாவுக்குத் தனி வழி, தனிக் கல்லறை, திருவிழாவில் தேர் தங்கள் தெருவுக்கு வராது. கலவரம், துப்பாக்கிச்சூடு, வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நடுவில் நின்ற சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். செத்த பிறகும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், 1985ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த சூசை வழக்கு. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். ரோட்டோரத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை இவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். அதே தொழில், அதே வெயில். வழக்குப் போட்டார், தோற்றார். நீதிமன்றம் சொன்னது சுருக்கமாக இதுதான்: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த ஒடுக்குமுறை கிறிஸ்தவச் சமூகத்துக்கு உள்ளேயும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அப்படி எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை.

ஆதாரம் யார் கையில் இருந்தது? ஒவ்வொரு பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில், கல்லறைக் கணக்கில், திருவிழா மண்டகப்படிப் பட்டியலில், குருமடத்தில் யாரைச் சேர்த்தார்கள் யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதில். அதையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் அந்தச் செருப்புத் தைக்கிறவருக்கு ஒரு பெட்டிக்கடை கிடைத்திருக்கலாம். ஆனால் அப்படிப் போட்டால், "சமத்துவம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பான். மானம் போகும். ஆக வெளியே கேட்கும்போது சாதி இருக்கிறது, உள்ளே பேசும்போது "நம்மிடையே அந்த வேற்றுமை இல்லை". இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்?

போப்பாண்டவருக்கே இது தெரிந்திருந்தது. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என்று இரண்டாம் ஜான் பால் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கு என்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது 2016 டிசம்பரில். பதின்மூன்று வருஷம். நம்ம ஊர் அரசு ஆபீஸில் கோப்பு இதைவிட வேகமாக நகரும்.

இப்போ கோட்டைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 19 அன்று, மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை கொடுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டு மு.க.ஸ்டாலின் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பாஜக வெளிநடப்பு. மற்றவர்கள் நிறைவேற்றினார்கள். ஆயர்கள் வாழ்த்தினார்கள். நல்ல தீர்மானம்தான், ஆனால் தீர்மானம்தான். பட்டியல் சாதிப் பட்டியலில் மாநில அரசால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. ஆறு மாதம் முன்னால், 2022 அக்டோபரில், மத்திய அரசு இதே விஷயத்துக்கு கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டிருந்தது. அதற்கும் முன்னால் 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தைப் பார்க்காமல் கொடுங்கள் என்றே சொல்லிவிட்டது. அது எங்கே தூங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மாநில அரசு கையில் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மாறிய கிறிஸ்தவர் இன்று பி.சி. உதவித்தொகைப் படிவத்தில் எஸ்.சி.சி. என்று ஒரு கட்டம் இருக்கும், படிப்புக்குச் சில சலுகைகள் உண்டு. வேலை என்று வந்தால் அந்த 26.5க்குள் நின்று, நிலமும் கடையும் மூணு தலைமுறைப் படிப்பும் உள்ள சாதிகளோடு ஓட வேண்டும். இதற்கு மருந்து கோட்டையிலேயே இருக்கிறது. 2009ல் பட்டியல் சாதி 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு கொடுத்தார்கள். முஸ்லிம்களுக்கு 3.5 நிற்கிறது. அதே மாதிரி பி.சி.க்குள் தலித் கிறிஸ்தவருக்கு ஒரு உள் ஒதுக்கீடு. டெல்லி வேண்டாம், சாசனத் திருத்தம் வேண்டாம்.

தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் இதைக் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் இதற்கு ஒரு ஆகஸ்ட் 10 இல்லை. எல்லாப் பங்கிலும் கறுப்புக் கொடி இல்லை, பள்ளிகளுக்குப் பூட்டு இல்லை. ஏன்? என் கணிப்பு இது. டெல்லியிடம் கேட்கிற சலுகை கொடுத்தால் பட்டியல் சாதி ஒதுக்கீட்டிலிருந்து போகும். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மற்ற சாதிக் கத்தோலிக்கருக்கு அதில் ஒரு சீட்டும் குறையாது. (இந்து தலித்துகளுக்குக் குறையும். அவர்கள் பயம் தனியாகப் பேசவேண்டியது, நியாயமான பயம்.) பி.சி.க்குள் பிரித்தால் குறைவது அந்த முன்வரிசைக்காரர் பையனின் சீட்டு. அவர்தான் பங்குப் பேரவையில் இருக்கிறார், தேர் வடம் பிடிக்கிறார், கோயிலுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுக்கிறார். 2008ல் ஒரு கூரை தலையில் முட்டியவுடன் எவ்வளவு வேகமாகக் கோட்டைக்கு ஓடினார்கள் என்று பார்த்தோமே.

கேட்டாலும் சும்மா கிடைக்காது. 2021ல் வன்னியர்களுக்கு அவசர அவசரமாகக் கொடுத்த 10.5ஐ உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. சரியான, புதிய புள்ளிவிவரம் இல்லை என்பது பெரிய காரணம். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்: கணக்கு யாரிடம் இருக்கிறது? ஒரு மறைமாவட்டத்தில் எந்தத் தெருவில் யார் குடும்பம், எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலையில் என்று பங்குத் தந்தைக்குத் தெரிகிற அளவுக்கு விஏஓவுக்குத் தெரியாது. அதை எண்ணி எடுத்து பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் மேசையில் வைத்தால் சூசை வழக்கில் காணாமல் போன ஆதாரமும் கூடவே வந்துவிடும், பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் கொடுக்கவும் அதுவே ஆகும். கல்லறைச் சுவரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். எழுதட்டுமே.

இன்னொன்று. 2005ல் சாசனத்தில் 15(5) சேர்த்தபோது சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. யாரைச் சேர்ப்பது, உதவிபெறும் பள்ளியில் யாரை வாத்தியாராகப் போடுவது என்பதில் நிர்வாகத்துக்கு நிறைய சுதந்திரம். சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. அந்தச் சுதந்திரத்துக்காக ஆயர்கள் கோர்ட் கோர்ட்டாக ஏறியிருக்கிறார்கள், நானும் அதை ஆதரிக்கிறேன். இத்தனை கல்லூரி, இத்தனை பள்ளி. அடுத்த ஜூனில் எத்தனை சீட்டு, எத்தனை வாத்தியார் வேலை தலித் கத்தோலிக்கருக்கு என்று மறைமாவட்டவாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கோயில் கதவில் ஒட்ட, ஆயர் கையெழுத்துப் போட்ட ஒரு சுற்றுமடல் போதும். கும்பகோணம் மறைமாவட்டம் கோட்டப்பாளையம் பங்கு விவகாரம் 2025ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது மாதிரி ஒவ்வொரு ஊராகப் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

டிஸ்கி: "சி.எஸ்.ஐ.யை மட்டும் ஏன்யா விட்டே?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு, அது தனிப் பதிவு. அங்கே சாதியோடு பிஷப் தேர்தலும் சேர்ந்துகொள்வதால் இதைவிட நீளமாக வரும். :-)