நூற்றில் பதினான்கு

இருபடிக் கோவையின் மாறியை ய என்று குறித்து, ய² உறுப்பின் கெழுவை 1 என வைத்து, நடு உறுப்பின் கெழுவுக்கும் மாறிலிக்கும் 1 முதல் 10 வரையுள்ள எண்களை மாற்றி மாற்றி இட்டால் மொத்தம் 100 கோவைகள் கிடைக்கும். அவற்றுள் முழு எண் காரணிகளாகப் பிரிபவை 14 மட்டுமே. மெய் மூலங்கள் உள்ளவை 62. அதாவது 48 கோவைகளுக்கு மூலம் உண்டு, ஆனால் நடு உறுப்பைப் பிரித்து அதை எட்ட முடியாது. எஞ்சிய 38 கோவைகளுக்கு மெய் மூலமே இல்லை. கரும்பலகையில் பத்துக்குப் பத்தாகக் கட்டம் போட்டால் ஒரு பாடவேளைக்குள் வகுப்பே எண்ணி முடித்துவிடக்கூடிய கணக்கு இது.

மாணவர்கள் முதலில் சந்திக்கும் இருபடிச் சமன்பாடுகள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பதினான்கின் இனத்தைச் சேர்ந்தவை. பெருக்கினால் இவ்வளவு, கூட்டினால் இவ்வளவு வரும் இரண்டு எண்களைத் தேடு என்பதே முதல் பாடம். பயிற்சிக் கணக்குகள் அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால் எண்கள் எப்போதும் கிடைத்துவிடுகின்றன. இதனால் வளரும் எண்ணம் ஆபத்தானது. ஒரு நிமிடத்துக்குள் எண்கள் அகப்படாவிட்டால் கணக்கைத் தவறாக எழுதிக்கொண்டோம் என்று மாணவர் நினைக்கத் தொடங்குகிறார். வர்க்கப் பூர்த்தி முறையும் சூத்திர முறையும் அதன் பிறகு வரும்போது, அவை அரிதாக நேரும் சிக்கலுக்கான மாற்று வழிகளாகவே அவர் மனத்தில் பதிகின்றன. உண்மை நிலை தலைகீழானது. காரணிப்படுத்துதல்தான் அரிதாகக் கைகொடுக்கும் குறுக்குவழி.

காரணி முறையின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியமானால் அவற்றுள் ஒன்றாவது பூச்சியமாக இருந்தாக வேண்டும் என்ற பண்பே அதன் உயிர். பூச்சியத்துக்கு மட்டுமே உரிய பண்பு அது. இதை அழுத்திச் சொல்லாத வகுப்பில், (ய − 3)(ய − 2) = 6 என்று கொடுத்தால் ய − 3 = 6 அல்லது ய − 2 = 6 என்று எழுதி 9, 8 என்று விடை தரும் மாணவர்கள் இருப்பார்கள். 9-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 42 ஆகிறது. சரியான விடைகள் 0, 5. பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரே ஒரு வரி இந்தப் பிழையை மாணவரே கண்டுபிடிக்க வைக்கும். இதன் உடன்பிறப்பு இன்னொரு பிழை: ய² = 5ய என்பதை ய ஆல் வகுத்து ய = 5 என்று முடித்துவிடுவது. பூச்சியம் என்ற மூலம் அங்கே சத்தமில்லாமல் தொலைந்துபோகிறது.

எண்களைத் தேடும் வேலையையே தேடலில்லாத வேலையாக மாற்ற முடியும். இரண்டு எண்களின் கூடுதல் 8, பெருக்கற்பலன் 13 என்றால், அவற்றின் சராசரி 4. ஆகவே ஓர் எண் நான்கைவிட எவ்வளவு கூடுதலோ, மற்றது அவ்வளவு குறைவு. அந்த விலகலின் வர்க்கத்தை 16-லிருந்து கழித்தால் 13 வர வேண்டும். எனவே விலகலின் வர்க்கம் 3, எண்கள் 4 ± √3. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ ஷென் லோ 2019-இல் இந்த வழியை வகுப்பறைக்காக எடுத்துச் சொன்னபோது உலகம் முழுவதும் ஆசிரியர்கள் அதைப் பேசினார்கள். இதன் வேர் பாபிலோனியக் கணக்குகள் வரை செல்கிறது. ஊகித்துத் தேடுவதைக் கணக்கிட்டு அறிவதாக மாற்றுவதுதான் இதன் பலம். காரணி பிரியும் கணக்கிலும் பிரியாத கணக்கிலும் இது ஒன்றுபோலவே வேலை செய்கிறது.

இருபடிப் பாடத்தின் முதுகெலும்பு வர்க்கப் பூர்த்தி. அதை மூன்று முறைகளுள் நடுவில் வரும் ஒரு முறையாக நடத்தி முடித்துவிடுவதுதான் இன்றைய கற்பித்தலில் உள்ள பெரிய இழப்பு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 13901 என்ற எண்ணோடு உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஏறத்தாழ 3800 ஆண்டுகள் பழமையானது. ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருகிறது, பக்கம் என்ன என்பது அதன் முதல் கணக்கு. விடை காணும் வழியும் அதிலேயே இருக்கிறது: 1-இல் பாதி அரை, அதன் வர்க்கம் கால், முக்காலோடு சேர்த்தால் 1, அதன் வர்க்கமூலம் 1, அதில் அரையைக் கழித்தால் அரை. எழுத்துக் குறியீடு ஒன்றுகூட இல்லாமல் முழு முறையும் அங்கே நிற்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி இதையே படமாக விளக்கினார். ய² + 10ய = 39 என்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இதை வகுப்பில் செய்து காட்டச் சார்ட் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். பக்கம் ய உள்ள ஒரு சதுரத்தை வெட்ட வேண்டும். நீளம் ய, அகலம் 10 உள்ள செவ்வகத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அகலம் 5 உள்ள இரு பட்டைகளைச் சதுரத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்ட வேண்டும். மூலையில் ஐந்துக்கு ஐந்தாக ஓர் இடம் காலியாக நிற்கும். அந்த 25-ஐ நிரப்பினால் மொத்தப் பரப்பு 64, பக்கம் 8, ய = 3. "நடுக்கெழுவில் பாதியை வர்க்கப்படுத்தி இரு பக்கமும் கூட்டு" என்ற கட்டளையில் பாதி ஏன், வர்க்கம் ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் காலி மூலையே பதில் சொல்கிறது. (ய + 3)² என்பதை ய² + 9 என்று எழுதும் மாணவருக்கும் இதே அட்டை மருந்தாகும். விடுபட்ட இரண்டு பட்டைகளை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். இந்தப் படம் −13 என்ற இன்னொரு மூலத்தைக் காட்டாது. பரப்பு என்ற உருவகத்தின் எல்லை அது. அதையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

ய² உறுப்பின் கெழு 1 அல்லாதபோது மாணவர்கள் பின்னங்களில் சிக்கித் தடுமாறுகிறார்கள். வகுத்துவிட்டுப் பாதியாக்கி வர்க்கப்படுத்தும்போது மூன்று இடங்களில் பிழை நுழையக்கூடும். இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் தம் பீஜகணித நூலில் முன்னோடி ஸ்ரீதரர் பெயரால் எடுத்துக்காட்டும் விதி இங்கே பெரிய உதவி. வர்க்க உறுப்பின் கெழுவைப் போல நான்கு மடங்கால் இரு பக்கங்களையும் பெருக்கு. பிறகு, பெருக்கும் முன் இருந்த நடுக்கெழுவின் வர்க்கத்தை இரு பக்கமும் கூட்டு. அவ்வளவுதான். 3ய² + 5ய = 2 என்பதை 12 ஆல் பெருக்கினால் 36ய² + 60ய = 24. இரு பக்கமும் 25 கூட்டினால் இடப்பக்கம் (6ய + 5)², வலப்பக்கம் 49. எனவே 6ய + 5 என்பது 7 அல்லது −7; ய = 1/3 அல்லது −2. கடைசி வகுத்தல் வரை பின்னம் தலைகாட்டவே இல்லை. இதே அடிகளை எண்ணுக்குப் பதில் எழுத்துகளோடு நடத்தினால் இருபடிச் சூத்திரம் தானாக வந்து நிற்கும். கெழுக்களை மட்டும் மாற்றி இரண்டு மூன்று கணக்குகளை இப்படிச் செய்த வகுப்பு, சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன்பே அதன் ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது என்று அறிந்திருக்கும். வர்க்கமூலத்தை மட்டும் வகுத்துவிட்டு முன்னால் உள்ள நடுக்கெழுவை வகுக்காமல் விடும் வழக்கமான பிழையும் அங்கே குறையும். 6ய + 5 முழுவதும் ஒரே பொருளாக நின்றதை அந்த மாணவர்கள் பார்த்திருப்பார்கள்.

சமன்பாட்டிலிருந்து சார்புக்குப் போகும் பாலமும் வர்க்கப் பூர்த்திதான். ய² + ய − 2 என்பதை (ய + ½)² − 9/4 என்று எழுதிய கணத்தில் பல செய்திகள் ஒருங்கே கிடைக்கின்றன. வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது என்பதால் சார்பின் மீச்சிறு மதிப்பு −9/4. அது ய = −½ என்ற இடத்தில் நிகழ்கிறது. சமச்சீர் அச்சும் அதுவே. அங்கிருந்து இரு பக்கமும் 3/2 தொலைவில் மூலங்கள்: 1, −2. தன்மைக்காட்டியும் புதிதாக ஒன்றைச் சொல்வதில்லை. பரவளையத்தின் முனை கிடையச்சுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் அது தெரிவிக்கிறது. மேல்நோக்கித் திறந்த பரவளையத்தின் முனை அச்சுக்குக் கீழே இருந்தால் இரண்டு மூலங்கள், தொட்டால் ஒன்று, மேலே இருந்தால் மெய் மூலம் இல்லை. மூன்று வரி அட்டவணையாக மனப்பாடம் செய்யப்படும் செய்தி இப்படி ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பின் முதல் இயலான உறவுகளும் சார்புகளும் பகுதியிலேயே இருபடிச் சார்பு அறிமுகமாகிறது. சமன்பாட்டைத் தீர்ப்பதும் வரைபடமும் பின்னர் இயற்கணித இயலில் வருகின்றன. இரண்டுக்கும் இடையே வாரங்கள் ஓடிவிடுவதால் ஒன்றையொன்று தொடாமலே பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. வரைபடம் 8 மதிப்பெண் வினாவாகத் தனியே பயிற்சி பெறுகிறது: அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவு. இந்தப் பயிற்சி மதிப்பெண் பெற்றுத்தரும், ஆனால் சார்பைப் பற்றி அதிகம் கற்றுத்தராது. ய² + ய − 2 என்பதையே எடுத்துக்கொண்டால், ய = −1, ய = 0 ஆகிய இரண்டிலும் மதிப்பு −2. முழு எண்களுக்கு மட்டும் அட்டவணை போட்ட மாணவர் அவ்விரு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்து அடியைத் தட்டையாக்கிவிடுகிறார். ய² + 3ய + 2-இல் நிலைமை இன்னும் மோசம். தட்டையான அடி கிடையச்சின் மேலேயே படுத்துக்கொள்ள, −2-க்கும் −1-க்கும் இடையே உள்ள எல்லா எண்களும் மூலங்கள் போலத் தோன்றுகின்றன. புள்ளி வைக்கத் தொடங்கும் முன் முனையைக் கணக்கிட்டு அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கம் இந்தக் குறையை அடியோடு நீக்கும். சமச்சீர் அச்சை முதலில் கோடாகப் போட்டுவிட்டால் அட்டவணையில் பாதி வேலையும் மிச்சம்.

அட்டவணையே இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அடுத்தடுத்த முழு எண்களுக்கான மதிப்புகளின் வேறுபாடுகளையும், அந்த வேறுபாடுகளின் வேறுபாடுகளையும் எழுதினால், இரண்டாம் வேறுபாடு மாறாமல் நிற்கும். 0, 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களுக்கு முதல் வேறுபாடுகள் 1, 3, 5, 7. இரண்டாம் வேறுபாடு எங்கும் 2. விழும் பொருள் அடுத்தடுத்த சம காலங்களில் கடக்கும் தொலைவுகள் இந்த ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்று கலிலியோ 1638-இல் வெளியான நூலில் காட்டினார். ஓர் அளவீட்டு அட்டவணையைப் பார்த்ததும் அது நேரியலா இருபடியா என்று சொல்ல மாணவருக்குக் கிடைக்கும் முதல் கருவி இது. பயன்பாட்டுக் கணக்குகளை இங்கிருந்து தொடங்குவது இயல்பாக இருக்கும்.

பயன்பாடு என்ற பெயரில் வழக்கமாக வருபவை வயதுக் கணக்கும் செவ்வக நிலமும். அவற்றில் இருபடி ஏன் வந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. சாலையில் ஓடும் வாகனம் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்றும், பிரேக் பிடித்தபின் வேகம் நொடிக்கு நொடி 5 மீ குறைகிறது என்றும் கொண்டால், நிற்பதற்குத் தேவையான தொலைவு வேகத்தோடு அதன் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டியது. மணிக்கு 36 கிமீ, அதாவது நொடிக்கு 10 மீ என்றால் 20 மீட்டரில் வண்டி நிற்கும். வேகம் இரட்டித்தால் 60 மீட்டர் வேண்டும். மூடுபனியில் கண்ணுக்குத் தெரியும் தூரமே 60 மீட்டர் என்றால் எவ்வளவு வேகம் வரை பாதுகாப்பு என்று திருப்பிக் கேட்டால் சமன்பாடு பிறக்கிறது: ய² + 10ய − 600 = 0. மூலங்கள் 20, −30. வேகம் என்பதால் −30 பொருந்தாது. விடை மணிக்கு 72 கிமீ. சார்பு, சமன்பாடு, அசமன்பாடு மூன்றும் ஒரே சாலையில் சந்திக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கோ ஓட்டுநர் உரிமத்துக்கோ போகப்போகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கு பத்துச் செவ்வகங்களுக்கு ஈடு.

எந்த மூலத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதில் பாஸ்கரர் காட்டிய கவனம் இன்றைய விடைத்தாள்களில் காணக் கிடைப்பதில்லை. ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாட, 12 குரங்குகள் குன்றின் மேல் இருந்தால் கூட்டம் எவ்வளவு என்ற கணக்குக்கு 48, 16 என்ற இரண்டு விடைகளும் பொருந்துகின்றன. அவர் இரண்டையும் ஏற்கிறார். ஐந்தில் ஒரு பங்கில் மூன்று குறைத்து வர்க்கப்படுத்திய அளவு குகைக்குள் போக, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது என்ற இன்னொரு கணக்கில் 50, 5 என்று மூலங்கள் வருகின்றன. 5 நேர்க்குறி எண்தான். ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று குறைத்தால் −2. அதனால் அதை அவர் விட்டுவிடுகிறார். மூலத்தின் குறியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், மூலத்தைக் கதைக்குள் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறார்.

எதிர்க்குறி மூலத்துக்கும் சில வேளை பொருள் உண்டு. 15 மீ உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து ஒரு பந்து நொடிக்கு 10 மீ வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது; புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் ய நொடிகளுக்குப் பின் அதன் உயரம் 15 + 10ய − 5ய². தரையைத் தொடும் நேரம் கேட்டால் ய² − 2ய − 3 = 0; மூலங்கள் 3, −1. "காலம் எதிர்க்குறி ஆகாது" என்று எழுதி −1-ஐ அடித்துவிடுவது வழக்கம். அதே பந்து ஒரு நொடி முன்னதாகத் தரையிலிருந்து நொடிக்கு 20 மீ வேகத்தில் கிளம்பியிருந்தால், இந்த நொடியில் சரியாக 15 மீ உயரத்தில் நொடிக்கு 10 மீ வேகத்தோடு மேலே போய்க்கொண்டிருக்கும். −1 சொல்வது அந்தக் கிளம்பிய நேரத்தை. பரவளையத்தை ய = 0-க்கு இடப்புறமும் நீட்டி வரைந்தால் அது கிடையச்சை வெட்டும் புள்ளி அங்கே தெரியும். முனை ய = 1-இல், 20 மீ உயரத்தில்; −1-க்கும் 3-க்கும் சரியாக நடுவில்.