நடக்கும் செடியும் உடன் செல்லவேண்டிய பெயரும்

கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருங்கியும் முற்றங்கள் குறுகியும் உள்ளன. இத்தகைய இடங்களில் வீட்டுத் தோட்டம் என்பது பெரும்பாலும் வாயிற்படியிலும் நடுமுற்றத்திலும் வைக்கப்படும் சில தொட்டிகளேயாகும். அத்தொட்டிகளுக்கு மிகவும் ஏற்ற செடிகளுள் ஒன்று, நடக்கும் ஐரிஸ் என்னும் பொருள்படும் வாக்கிங் ஐரிஸ். இதனை விலை கொடுத்து வாங்குவோரைவிட அண்டை வீட்டாரிடமிருந்து ஒரு கன்றாகப் பெறுவது எளிது. அவ்வாறு கொடுக்கும் கை செடியைக் கொடுக்கிறது. பெயரைக் கொடுக்க மறந்துவிடுகிறது. இக்குறை அற்பமாகத் தோன்றினும் அற்பமானதன்று.

பிரேசில் முதலான வெப்ப அமெரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி ஐரிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் நியோமாரிகா கிராசிலிஸ் என வழங்கப்பட்ட இதனை இக்காலத் தாவரவியலார் ட்ரிமீசியா என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். வாள் போன்ற இலைகள் விசிறியாக விரியும். வெண்மையும் நீலமும் கலந்த மணமுள்ள மலர் காலையில் விரிந்து அன்று மாலையே வாடிவிடும்; ஆயினும் ஒரே தண்டில் மலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். மலரில் மகரந்தத் தாள்கள் மூன்றே. சூலகம் கீழ்மட்டத்தில் அமைந்துள்ளது. ஆறு மகரந்தத் தாள்களுடைய லில்லியோடு இதனை ஒப்பிட்டுக் காட்டினால், இரு குடும்பங்களின் வேறுபாட்டை மாணவர் நேரிலேயே அறிவர்.

பூத்த பின்னரே இச்செடியின் சிறப்பு வெளிப்படுகிறது. மலர்கள் தோன்றிய இடத்திலேயே ஓர் இளங்கன்று உருவாகிறது. அது வளர வளர, அதன் பாரத்தால் இலையை ஒத்த தட்டையான பூந்தண்டு வளைந்து தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் கன்று வேரூன்றுகிறது. பின்னர் தானும் பூத்து அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. நடக்கும் செடி என்ற பெயர் இவ்வாறு அமைந்ததே. இவ்வினச் செடிகளுக்கு ஆங்கிலத்தில் அப்போஸ்தலர் செடி என்ற பெயரும் உண்டு. பன்னிரண்டு இலைகள் வந்த பின்னரே பூக்கும் என்ற நம்பிக்கை அப்பெயருக்குக் காரணம். அந்நம்பிக்கை மெய்யா என்பதை இலைகளை எண்ணிப் பார்த்து மாணவரே முடிவு செய்யலாம்.

வளர்ப்பு முறை கடினமானதன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் செடிக்கு நேரும் கேடு வறட்சியைவிட நீர்த் தேக்கத்தாலேயே மிகுதி. இதன் மட்டநிலத்தண்டு தேங்கிய நீரில் அழுகிவிடும். ஆகவே தொட்டியின் அடித்துளையின் மேல் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, தோட்ட மண், மணல், மட்கிய எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்ப வேண்டும். தென்னை நார்க் கழிவைச் சேர்ப்பதாயின், அதிலுள்ள உப்பு நீங்க முன்னதாக நன்கு அலசுதல் அவசியம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடமே சிறந்தது. ஆழ்ந்த நிழலில் இலை செழிக்கும், பூ குறையும்.

கன்றை வேர்விடச் செய்யும் சிறந்த வழி பதியமிடுதலேயாகும். தாய்ச்செடியின் அருகில் மண் நிரப்பிய சிறு தொட்டியை வைத்து, பூந்தண்டை வளைத்து, கன்றின் அடிப்பகுதி மண்ணில் படியுமாறு வளைந்த கம்பியால் பொருத்த வேண்டும். சில வாரங்களில் வேரூன்றிய பின் தண்டை வெட்டிப் பிரிக்கலாம். பள்ளியில் மூன்று கன்றுகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்யலாம்: ஒன்றைத் தாயோடு இணைந்தவாறே பதியமிடுக, ஒன்றை வெட்டி மண்ணில் நடுக, மற்றொன்றை வெட்டி, அடி மட்டும் நனையுமாறு நீரில் நிறுத்துக. வாரந்தோறும் மாற்றங்களைக் குறித்து வந்தால், தாயிடமிருந்து உணவு பெறும் கன்றுக்கும் தனித்து விடப்பட்ட கன்றுக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். ரணகள்ளி இலையின் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட இது பன்மடங்கு பயன் தரும்.

இப்பாடம் பூந்தொட்டியோடு முடிவதன்று. மட்டாஞ்சேரிச் சந்தைக்குப் புகழ் தேடித்தந்த மிளகும் உடல இனப்பெருக்கத்தாலேயே பயிராகிறது. தாய்க்கொடியின் அடியிலிருந்து ஓடும் கொடிகளைத் துண்டாக்கி வேர்விடச் செய்வதே வழக்கம். பன்னியூர்-1 என்னும் கலப்பினக் கொடியின் குணங்களை விதையால் காக்க இயலாது. துண்டுகளாலேயே காக்க இயலும். ஆனால் வேரூன்றிய சிறு துண்டு பன்னியூரா, கரிமுண்டாவா என்பதைக் கண்ணால் கண்டு சொல்லுதல் அரிது. பெயர்ச்சீட்டு தவறினால், கொடி காய்க்கும் வரை சில ஆண்டுகள் உழவர் ஏமாற்றத்தையே வளர்க்க நேரும்.

பயிருக்குப் பெயர் தேவைதான், அழகுச் செடிக்கு எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்குக் கேரளத்தின் நீர்நிலைகளே விடை கூறும். ஆப்பிரிக்கன் பாயல் என இங்கு வழங்கும் சால்வினியா உண்மையில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததன்று. தென்கிழக்குப் பிரேசிலுக்கு உரியது. அதன் வித்துகள் முளைக்கும் திறனற்றவை. முறிந்த துண்டுகளாலேயே பெருகி, 1960-களில் தொடங்கி நெல்வயல்களையும் படகுக் கால்வாய்களையும் அது அடைத்தது. அக்காலத்தில் விஞ்ஞானிகளும் அதனைச் சால்வினியா ஆரிகுலேட்டா என்னும் வேறோர் இனமாகவே கருதினர். அந்த இனத்தின் மேல் கண்டெடுத்த பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டும் தக்க பயன் விளையவில்லை. 1972-ஆம் ஆண்டில் அது சால்வினியா மொலெஸ்டா என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. 1978-இல் அதன் தாயகம் கண்டறியப்பட்டது. அங்கே அதனைத் தின்று வாழும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டு கிடைத்தது. 1980-களில் அவ்வண்டு கேரளத்தில் விடப்பட்ட பின்னரே அடைபட்ட கால்வாய்கள் பலவற்றில் மீண்டும் படகுகள் சென்றன. பெயர் தெளிவாகாதவரை மருந்தும் கிட்டவில்லை.

நடக்கும் ஐரிஸ் சால்வினியாவைப் போல் நீரில் மிதந்து பரவும் செடியன்று. அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் எளிதில் பெருகுதல் என்ற அதே குணமே ஒன்றை விருந்தாகவும் மற்றொன்றைத் தொல்லையாகவும் ஆக்குகிறது. மிஞ்சிய கன்றுகளைக் கால்வாய்க் கரையிலும் வெற்றிடங்களிலும் வீசாமல், உலர்த்தி எருக்குழியில் இடுவதே முறை.

பெயரைப் பேணும் மரபு கொச்சிக்குப் புதியதன்று. டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் துணையோடு இங்கு உருவாக்கிய ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்களில் செடியின் பெயர் மலையாளம் உள்ளிட்ட பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த முந்திரியும் அன்னாசியும் மாவையும் சக்கையையும் நினைவூட்டும் கப்பமாவு, கப்பச்சக்கை என்ற பெயர்களோடு அதில் இடம்பெற்றன. வந்தேறிய செடிகளுக்கும் பெயரிட்டு வரவேற்ற ஊர் இது.

ஆகவே களப் பணியாளரும் ஆசிரியரும் ஒரு சிறு பழக்கத்தைப் பரப்புவது நலம். எந்தக் கன்றைக் கொடுத்தாலும் அதன் பெயர், தாயகம், பெற்ற இடம், நட்ட நாள் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுக்கட்டும். பெயர் தெரியாத செடியாயின் அதனையும் அவ்வாறே எழுதட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. செடி நடந்து செல்லும் இடமெல்லாம் அதன் பெயரும் உடன் செல்ல வேண்டும்.